யாரும் படிக்காத மஞ்சள் வரி

“ஐயோ...! கொல்றாங்க...!”

கேளம்பாக்கம் சாப்ட்வேர் கம்பெனியின் சர்வர் ரூமுக்குள்ளிருந்து அலறல்!

உள்ளே மேனேஜர் ஹரிகிருஷ்ணன். பதினாறு டிகிரி ஏ.சி. வெளியே எவர் கார்டைத் தேய்த்தாலும் கதவு அசையவில்லை.

பூட்டு? அந்தக் கம்பெனியே தயாரித்து, திருவிடந்தை ரிசார்ட்டுக்கு விற்கப்போகிற எலக்ட்ரானிக் பூட்டு! ரிசார்ட்காரர்கள் மதியம் பார்க்க வருகிறார்கள். விளங்கிடும்!

உள்ளேயிருந்தே செல்போனில் போலீசைக் கூப்பிட்டிருந்தார் மனுஷர்.

புரோகிராமர் பரணிதரனுக்கு வியர்த்தது. இன்று அவர் லெட்டரில் கையெழுத்துப் போட்டால்தான் இவன் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் அணுபுரத்து மாமா பெண் கொடுப்பார். ஆபீசுக்கே தெரிந்த விஷயம். அந்தக் கையோ உள்ளே விறைத்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தனகோடி வந்தார்.

“மேனேஜருக்கு ஆவாதவங்க யார்னா கீறாங்களா?”

ஆபீஸே வைஷாலி பக்கம் திரும்பியது. புரோகிராமில் குறை கண்டுபிடிக்கவென்றே சம்பளம் வாங்குகிறவள். அவளை எவனுக்குப் பிடிக்கும்?

ரிசப்ஷன் மேரி சும்மா இருப்பாளா? “தினம் அவருக்கு ஒரு மெயில் போடுவா சார். மொத்தம் பதினேழு!”

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார். “‘பூட்டின் பேட்டரி தீரப்போகிறது. ஒருநாள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள்...’ அடேங்கப்பா! மெரட்டல் லெட்டரு!”

“மிரட்டல் இல்ல சார், வார்னிங்!” என்றாள் வைஷாலி. “பேட்டரி குறைஞ்சா புரோகிராம் நிக்காது. ஸ்க்ரீன்ல மஞ்சளா ஒரு வரி காட்டும், அவ்ளோதான். அதான் ஓடுதேன்னு இங்க எவனும் படிக்கிறதில்ல.”

“இன்னிக்கு காட்னுச்சா?”

“இல்ல. யாரோ மறைச்சிருக்காங்க.”

பரணி மெல்லப் பின்னால் நகர்ந்தான். போன மாதம், ‘ஸ்க்ரீன் சுத்தமா இருக்கணும்’ என்று ஹரிகிருஷ்ணன் குதித்தபோது, எல்லா வார்னிங்கையும் விழுங்கும் அந்த ஒற்றை வரியை எழுதியவன்... சாட்சாத் இவனே!

“ஸ்டேஷனுக்கு நடம்மா.”

மாமா பெண் கண்ணுக்குள் வந்தாள். வைஷாலி கண்ணெதிரே நின்றாள்.

“சார்...! அவள விடுங்க. மறைச்சது நான்தான்!”

வைஷாலி சிரித்தாள். “தெரியும்டா. உன் வரிய நான் திங்கக்கிழமையே எடுத்துட்டேன். நேத்து சாயந்தரம் யாரோ திரும்பப் போட்டிருக்காங்க. மாத்தினவங்க பேரு இந்த ஸ்க்ரீன்ல விழும். பாரு.”

பார்த்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

ஹரிகிருஷ்ணன்!

இன்ஸ்பெக்டர் செல்போனை ஸ்பீக்கரில் போட்டார். “சார், நேத்து அந்த வரிய நீங்களா போட்டது?”

பற்கள் தந்தியடிக்கும் சத்தம்.

“ம...மஞ்சளா அசிங்கமா இருந்துச்சு... ஆளுங்க வர்ற நேரம்...”

வைஷாலி மீட்டிங் ஹால் மைக்கிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி வந்தாள். “இத பூட்டுக்கு வெளிய இருக்கிற ரெண்டு முனையில வெச்சா தெறந்துடும் சார்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?”

“பதினேழாவது மெயில்ல எழுதியிருக்கேன். யார் படிச்சா?”

பேட்டரியை வைக்கப்போனவள் சட்டென நின்றாள்.

“பரணி... உன் லெட்டர் எங்க? பேனாவோட கதவுக்கடியில தள்ளு!”

தள்ளினான். பத்தே விநாடி... கோணல்மாணலான கையெழுத்தோடு திரும்பி வந்தது!

கதவு திறந்தது. நடுங்கிக்கொண்டே வந்த ஹரிகிருஷ்ணனுக்கு இன்ஸ்பெக்டர் ஒரு சல்யூட் வைத்தார்.

“என் சர்வீஸ்ல இதான் சார் மொத தபா... குத்தவாளி தானா உள்ள போயி பூட்டிக்கினு, போலீசுக்கும் போன் போட்டுகீறாரு!”