அரைக்கண் பார்வை

சின்னவள் டீக் கோப்பையை மேசைமேல் வைத்த வேகத்தில் பாதி டீ விரிப்பில் கொட்டியது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு அழுதது. துடைக்கத் துணியோடு ஓடி வந்த பெரியவளை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலைமுடியை இடது கன்னத்துப் பக்கம் இழுத்து விட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள்.

"இனிமே எனக்குன்னு எதுவும் போடாதீங்கக்கா. நானே போட்டுக்குறேன்."

"ஏம்மா, சர்க்கரை கம்மியா இருக்கா?"

"சர்க்கரையெல்லாம் சரியாத்தான் இருக்கு."

அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பெரியவள் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்தாள். கோப்பையில் மிச்சமிருந்த டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்ன?

சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "அத்தை, அவளுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். மாமியார் பட்டாணித் தட்டைத் தூக்கிக்கொண்டு, பெரியவளுக்கு முதுகு தெரியும்படி திரும்பி உட்கார்ந்தாள். என்னவென்று உனக்கே தெரியும் என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். பெரியவளுக்குத் தெரிந்திருந்தால் ஏன் கேட்கப் போகிறாள்? ஆனால் குடும்பங்களில் இந்த வாக்கியத்துக்கு மறுபேச்சு கிடையாது. உனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டால், தெரியாது என்பவள் நடிக்கிறாள் என்று அர்த்தமாகிவிடும்.

இத்தனைக்கும் ஓரகத்திகள் இருவரும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தவர்கள். சின்னவளுக்குப் பிரசவம் சிக்கலாகிக் காய்ச்சலில் கிடந்தபோது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க இந்தக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தவள் பெரியவள்தான். தன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, சமைத்துத் துவைத்து, அதற்கும் மேலே இதையும் செய்தாள். செய்ததாக அவள் நினைத்ததும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. அந்த வீட்டில் ஜன்னல் இருக்கிற மாதிரி அவளும் இருந்தாள்.

அவள் தனக்கென்று கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை ஓவிய வகுப்பு. செருப்புக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் வகுப்பு நடக்கும். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள். குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஆப்பிளைப் பூசணிக்காயாக வரைந்துகொண்டிருப்பாள் பெரியவள். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இவள் வயதில் பாதி இருக்கும். வாரம் முழுக்கக் கொஞ்சம்கூடப் பயிற்சி இல்லையே என்று அந்தப் பெண் கேட்டபோது பெரியவள் கூசிப் போனாள். கையைப் பார்த்தால் எப்போதும் ஒன்று கரண்டி இருக்கிறது, இல்லையென்றால் சோப்பு இருக்கிறது, பென்சில் எங்கே பிடிப்பது?

"கை வேலை செய்யட்டும் ஆன்ட்டி, கண்ணு சும்மாதானே இருக்கு? வீட்டுல இருக்கவங்க முகத்தைக் கண்ணாலயே வரைங்க. ஓரத்தைப் பிடிச்சு மெதுவா போங்க. நிழல் எங்க விழுது, வெளிச்சம் எங்க விழுதுன்னு தெரியணும்னா கண்ணைப் பாதியா இடுக்கிப் பாருங்க."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முதல் வெங்காயம் உரித்துக்கொண்டே வரைந்தாள், துணி பிழிந்துகொண்டே வரைந்தாள். மாமியாரின் நெற்றியில் தொடங்கி மூக்கில் இறங்கி, தாடையில் வழுக்கிக் காதுக்கு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கும் சின்னவளின் இடது கன்னத்தில் காலை வெளிச்சம் விழும் அழகில் அவள் கிறங்கிப் போனாள். அந்த ஒரு கன்னம் மட்டும் எப்படி முயன்றும் பிடிபடவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, இன்னொன்றைப் பாதி மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். சனிக்கிழமை வகுப்புக்குப் போய் நினைவிலிருந்து காகிதத்தில் இறக்குவாள்.

தான் பார்ப்பது எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. கையில் பென்சில் இல்லாமல், அரிவாள்மணையோ கத்தியோ வைத்துக்கொண்டு, ஒருத்தி அரைக்கண்ணால் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

மாமியார், மருமகள் தன்னை முறைக்கிறாள் என்று முடிவு கட்டினாள். பெரியவளின் கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். அவருக்கு உலகத்தில் எல்லா நோயும் கண்ணில்தான். மனைவிக்குப் பார்வை மங்குகிறது என்று பதறி, கடைக்கு அழைத்துப் போய் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அவள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். இருந்தும் மனசு கேட்காமல் பெயருக்கு ஒரு பவர் போட்டுக் கண்ணாடி செய்து கொடுத்தார். ஆசையாகச் செய்தாரே என்று அவளும் போட்டுக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக்கு மேலாகக் கண்ணை இடுக்கிப் பார்த்தபோது முறைப்பு இன்னும் முறைப்பாகத் தெரிந்தது.

சின்னவளுக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிரசவத்துக்குப் பிறகு அவள் இடது கன்னத்தில் மங்கு படர்ந்திருந்தது, கருமையாக, உள்ளங்கை அகலத்துக்கு. களிம்பு பூசிப் பார்த்தாள், முடியால் மறைத்துப் பார்த்தாள். புருஷன்கூட அதைப் பற்றிப் பேசாமல் நாசூக்காகக் கடந்துபோனான். அக்கா ஒருத்திதான், வேறெங்கும் பார்க்காமல் அதையே, அதுவும் சகிக்க முடியாத ஒன்றைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பெற்ற தாய் மாதிரி நினைத்தவள் அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? ஆனால் வாய்விட்டு எப்படிக் கேட்பது? அவள் தனிக்குடித்தனம் வேண்டும் என்று புருஷனிடம் பிடிவாதம் பிடித்தாள்.

செய்தி கேட்ட அன்று பெரியவள் பேயறைந்தவள்போல ஆனாள். இரவில் தோளில் தூங்கிய குழந்தை இனி வேறு வீட்டில் தூங்கும். தான் என்ன தப்பு செய்தோம் என்று முன்னும் பின்னும் யோசித்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் அவளாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லாம் இந்த ஓவிய வகுப்பால் வந்த வினை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டுப் போனது இவர்களுக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துக் குமைகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. வண்ணப் பெட்டியையும் வரைந்த தாள்களையும் ஒரு துணிப்பையில் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஸ்டூல்மேல் நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதாள். கணவர் கேட்டதற்கு, முழங்கால் வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்று சொன்னாள். யாருடைய முகத்தைப் பார்த்தாலும் கண் தானாக வரைய ஆரம்பித்தது. அதனால் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தாள்.

போதாதா? இத்தனை நாள் முறைத்தவள் இப்போது முகத்தையே பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சின்னவள் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

வீடு மாற்றும் நாளில் கொழுந்தன் வேன் பிடித்து வரப் போயிருந்தான். கூடத்தில் கட்டிய மூட்டைகள், சுருட்டிய பாய்கள், கழற்றிய தொட்டில். மாமியார் பேரனை மடியில் வைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் யாருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் சட்டை நுனியால் தன் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவள் சின்னவளின் வழியை மறித்து நின்றாள்.

"போ. நான் தடுக்கல. ஆனா நான் என்ன பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. கிளாஸுக்குப் போனதுதான் தப்புன்னா, அதையும் விட்டுட்டேனே..."

சின்னவள் முடியை ஒதுக்கிக் கன்னத்தைக் காட்டினாள்.

"கிளாஸை யாருக்கா கேட்டா? இதைத்தானே பாத்துப் பாத்து முகத்தைச் சுளிச்சீங்க? பாதிக் கண்ணை மூடிக்கிட்டு, பாக்கவே பிடிக்காத மாதிரி... ஊரே பாத்தாலும் தாங்கிப்பேன். நீங்க பாக்கலாமா?"

பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"பாவி... நான் உன்னை வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்டி."

"கையில வெங்காயத்தை வச்சுக்கிட்டா?"

அது நியாயமான கேள்விதான். பெரியவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணிலிருந்து துணிப்பையை இறக்கினாள். இதோ பாருங்கள் என்று தாள்களை மூட்டைகள்மேல் பரப்பினாள். தான் குற்றமற்றவள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி அவளிடம் இல்லை.

சாட்சி கைவிட்டுவிட்டது. படங்களில் ஒருவரும் அவரவர் மாதிரி இல்லை. மாமியார் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, பால்காரரை எதற்கு வரைந்தாய் என்று கேட்டாள். அது நீங்கள்தான் அத்தை என்றதும் அவள் முகம் சுண்டிப் போனது. தன்னுடைய படத்தைத் தேடிய கண்ணாடிக்காரருக்கு ஒரு காது மட்டும் அடையாளம் தெரிந்தது. சின்னவள் தன் படத்தைக் கையில் எடுத்தாள். முகம் இருந்தது, குழந்தை இருந்தது, ஜன்னல் இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் ரப்பரால் அழித்து அழித்துத் தாளே கிழிந்து ஓட்டை விழுந்திருந்தது.

"பாத்தீங்களா, அந்த இடத்தை அழிச்சே எடுத்துட்டீங்க," என்றாள் சின்னவள்.

"அழிக்கலம்மா, வரல. அங்கதான் வெளிச்சம் விழும். அதுதான் உன் முகத்துலயே அழகான இடம். எனக்குத்தான் கை வரல."

சின்னவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? பெரியவள் அதற்குமேல் வாதாடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அட்டைமேல் வைத்து, பென்சிலோடு அவள் கையில் திணித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"வேன் வர்ற வரைக்கும் என்னை வரை. நிழல் தெரியலைன்னா கண்ணைப் பாதி இடுக்கிக்க. அப்புறம் போ."

வரையத் தெரியாது என்று சின்னவள் முரண்டு பிடித்தாள். எனக்கும்தான் தெரியாது என்றாள் பெரியவள். கோபத்தோடுதான் சின்னவள் முதல் கோட்டை இழுத்தாள். இழுத்தால் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் அழிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் தலை தானாகச் சாய்ந்தது. ஒரு கண் மூடியது. இன்னொன்று சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"நீயும் அவளை மாதிரியேல்ல முறைக்கிற!"

சின்னவள் கை நின்றது. தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனால் அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. மறுபடி பார்த்தாள், இந்த முறை கோபம் இல்லாமல். காதோரம் நரை ஏறியிருந்தது. தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவள் கேட்டதே இல்லை. கண்ணுக்குக் கீழே வந்ததும் பென்சில் தயங்கியது.

"அக்கா... கண்ணுக்குக் கீழ இவ்வளவு கறுப்பா இருக்கே. எப்போலேர்ந்து?"

எப்போதிலிருந்து என்பது இருவருக்கும் தெரியும். குழந்தையைத் தோளில் போட்டு நடந்த அந்த ராத்திரிகளிலிருந்து. கண் சோதிக்கிற கணவர்கூட எழுத்துப் பலகையைத்தான் பார்க்கச் சொன்னாரே தவிர, இந்தக் கண்ணை இப்படிப் பார்த்ததில்லை. இவ்வளவு நேரம் ஒருவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. கண்ணாடிக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவளின் கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது.

"அழாதீங்கக்கா, ஆடுது," என்றாள் சின்னவள். அவளுக்கும் தாள்மேல் சொட்டியது. புறங்கையால் துடைத்ததில் பென்சில் கரி கன்னமெல்லாம் அப்பியது, மங்கு இருந்த இடமும் இல்லாத இடமும் தெரியாதபடி.

தெருவில் வேன் ஹார்ன் அடித்தது. சாமான்களை இறக்கச் சொல்லிக் கொழுந்தன் கீழிருந்து கத்தினான். பெரியவள் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காருங்க. மூக்கு இன்னும் முடியல," என்றாள் சின்னவள், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

மாமியார் பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள்.

"வண்டியைத் திருப்பி அனுப்புடா. மூக்கு இன்னும் முடியலையாம்!"

கீழே நின்றவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.