ஐந்து தெருவிளக்குகளும் ஒரு மெழுகுதிரியும்

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை மாலை, மாத்தளையில் கிராம்புத்தோட்ட ஒழுங்கை என்ற குறுகிய தெருவில் இருந்த தர்மராஜாவின் வீட்டில், அவருடைய மகள் அருந்ததியின் கட்டிலுக்கு அடியில் ஐந்து பழைய தெருவிளக்குகள் இருந்தன. அருந்ததிக்கு வயது பதினொன்று. தெருவில் புது விளக்கு மாட்டும்போது, கழற்றிய பழையதை அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அன்று தர்மராஜா அலுவலகத்திலிருந்து வந்தும் உட்காரவில்லை. பக்கத்துத் தெருவில் இராணுவத்தினர் வீடுவீடாகச் சோதனை செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தவர், கடைசியில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"வயரும் இரும்புமா இருக்கு, குண்டுன்னு நினைப்பாங்க. இது என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது? நம்ம தமிழ்ப் பேரைக் கேட்டாலே ரெண்டு தரம் பார்க்கிறாங்க. நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வரட்டும்."

அருந்ததி சோற்றை விட்டு எழுந்தாள். விளக்குகளை வெளியே இழுத்தாள், துடைத்தாள், மறுபடியும் உள்ளே தள்ளினாள்.

அப்போது வெளியே பெரிய சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஸக்கரியா, சைக்கிளோடு தெருவோரக் கானுக்குள், அந்தத் திறந்த வடிகாலுக்குள், விழுந்து கிடந்தார். தர்மராஜா ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார்.

ஒழுங்கையின் வளைவில் போன வாரந்தான் புது விளக்கு மாட்டப்பட்டிருந்தது. ஆனால் ஒழுங்கை முழுவதும் இருட்டாகவே கிடந்தது.

"வெளிச்சமெல்லாம் என்ட சுவருக்கு. நான் கானுக்குள்ள" என்றார் ஸக்கரியா. "சுவர் என்ன, குர்ஆன் ஓதப் போகுதா?" விளக்கையே கழற்றச் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

அருந்ததி அண்ணாந்து பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள்.

அவளிடம் இருந்த ஒரு விளக்கிலும், வளைவு விளக்கில் இருந்தது போலவே, வரிவரியாகக் கோடுகள் உள்ள கண்ணாடிக் கூடு இருந்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்து, உள்ளே மெழுகுதிரியை ஏற்றி, இருவரையும் அழைத்தாள். இரு பக்கச் சுவர்களிலும் இரண்டு வெளிச்சப் பட்டைகள் விழுந்தன. கண்ணாடியைக் கால்வாசி திருப்பினாள். பட்டைகள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நகர்ந்தன.

"இந்த வரி வெளிச்சத்த ரெண்டு பக்கமும் வளைச்சு அனுப்பும், நானா" என்று ஸக்கரியாவை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சொன்னாள். " தெரு நீளத்துக்கு அனுப்பத்தான் செஞ்சிருக்காங்க. அங்க குறுக்க மாட்டிட்டாங்க."

தர்மராஜா மேசைக்குக் கிட்ட வந்தார். கண்ணாடியைத் தாமே திருப்பினார். பிறகு அந்த விளக்கின் எனாமல் மூடியை எடுத்துக் கண்ணாடிக்கு மேலே பிடித்தார். கூரைக்குப் போன வெளிச்சம் மேசைமேல் இறங்கியது. மூடியை எடுத்தார், மறுபடியும் பிடித்தார். ஸக்கரியா விடைபெற்றுப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் ஸக்கரியா சொல்லியனுப்ப, தெருவிளக்கு மாட்டும் மாடசாமி ஏணியோடு வந்து கண்ணாடியைத் திருப்பினார். மாலையில் கான் ஓரம் முழுவதும் தெளிவாகத் தெரிந்தது.

இரும்புக்காரரின் மணிச்சத்தம் ஒழுங்கைக்குள் வந்தது. தர்மராஜா எழுந்தார்.

"கட்டிலுக்குக் கீழ இருந்தாத்தான் அப்பா சந்தேகம் வரும்" என்றாள் அருந்ததி. "முன்னறையில எல்லாருக்கும் தெரியிற மாதிரி மாட்டுவோம். இது என்னன்னு சொல்ல இப்ப உங்களுக்கும் தெரியுமே."

மணிச்சத்தம் வாசலைக் கடந்து போனது.

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டது இது: ஐந்து விளக்குகளிலும் உள்ள வயர்களை வெட்டிவிட்டு, விளக்குகளை முன்னறைச் சுவரில் வரிசையாக மாட்டுவது, பக்கத்தில் ஒரு மெழுகுதிரி வைப்பது, யார் கேட்டாலும் வெளிச்சம் எப்படித் திரும்புகிறது என்று அப்பா செய்து காட்டுவது, அவர் தவறாகச் சொன்னால் அருந்ததி திருத்துவது.