மாஸ்டர் ஃபைலில் ஒரு விரல்

ஆபீசுக்கு டீ கொண்டுவரும் ரஷீது பாய் கிளாஸை நீட்டியபோது அந்தக் கையில் ஆள்காட்டி விரல் இல்லை. வெட்டுப்பட்ட தழும்பும் இல்லை. கட்டைவிரலுக்கு அடுத்து நேராக நடுவிரல், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல.

"பாய், விரலுக்கு இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? நல்லாத்தானே கீது!" கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் அடுத்த மேஜைக்குப் போனார்.

அடைக்கலமேரி டீயைக் குடிக்காமல் மேஜையில் வைத்தாள். மத்தியானம் அவள் அழித்ததும் அந்த விரலைத்தான்.

திருவொற்றியூரில் தகடு வெட்டும் மெஷின் செய்யும் கம்பெனி அது. மெஷினோடு போகும் கையேட்டைத் தமிழில் எழுதியது இத்தனை வருஷமும் மேரிதான். போன வருஷம் செங்கொடி வந்து சேர்ந்தாள். எக்ஸ்எம்எல் என்றாள், மாஸ்டர் ஃபைல் என்றாள். எதையும் அதில் ஒரே இடத்தில் வைத்தால் போதுமாம். தமிழ், இந்தி, தெலுங்கு, இங்கிலீஷ் என்று எல்லாப் புத்தகமும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுமாம். 'கையை உள்ளே விடாதே' என்பதற்கான படம்கூடச் செங்கொடி தன் கையைப் பார்த்து வரைந்ததுதான். எல்லார் முன்னாலும் மேனேஜர் அருள்நாதன், "அவ கையப் பாத்துக் கத்துக்கோ மேரி" என்றார். அடுத்த மாசம் முதல் செங்கொடிதான் பிரிவுத் தலைவி என்றும் சொன்னார்.

மேரிக்குப் பொறுக்கவில்லை. அந்த நாற்காலி தனக்கு வரவேண்டியது. செங்கொடி சாப்பிடப் போன நேரத்தில் மேரி அந்தப் படத்தைத் திறந்து, ஆள்காட்டி விரலை அழித்து, பழையதன் மேலேயே சேவ் செய்தாள். எல்லா மொழியிலும் மூளிக் கை அச்சாகட்டும், அவள் மானம் கப்பலேறட்டும். அவ்வளவுதான் நினைத்தாள்.

வெளியே மழை பிசுபிசுத்தது. உரத் தொழிற்சாலையின் அமோனியா நெடியும் ஈரத் துருவின் வாசனையும் ஜன்னல் வழியாக உள்ளே வர, எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டு நின்றன. ஒரு டிரைவர் கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டிருந்தார். அதிலும் இல்லை.

எதிரே செங்கொடி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் இல்லை. அப்படியும் தன்னைவிட வேகம்! அந்த நேரத்திலும் மேரிக்கு முதலில் பொறாமைதான் வந்தது. பயம் அப்புறம்தான்.

"மேரிக்கா, மூஞ்சே சரியில்லியே. வூட்டுக்குப் போயேன்," என்றாள் செங்கொடி.

மேரி குனிந்து தன் கையைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் நடுவிரலால்தான் மௌஸை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மு! மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். தினமும் நேராக ஆபீசுக்கு வந்து, பின்னாலிருந்து அம்மாவின் கண்ணைப் பொத்துவாள்.

பழைய படம் செங்கொடியிடம் நிச்சயம் இருக்கும். ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் இவளிடமா போய் நிற்பது? இவளிடமா கை நீட்டுவது?

தானே வரைந்துவிடலாம். ஒரு விரல்தானே.

படத்தைத் திறந்தாள். வரைந்து பழக்கமில்லாத கை, அதுவும் விரல் குறைந்த கை. கோடு நடுங்கியது. அழித்தாள். மறுபடி வரைந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம். சின்னச் செருப்பு.

டப்பென்று கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. எந்த நிமிஷமும் அணைந்துவிடும்.

மௌஸ் வழுக்கியது. கோடு நீண்டது. கணு இல்லை. நகம் இல்லை. முனை எங்கேயோ சுருண்டு போனது. திருத்த நேரமில்லை.

சேவ்.

திரை அணைந்தது. மழை இருட்டு. செங்கொடியின் கீபோர்டு சத்தம் நின்றது. அங்கே தரையில் எதுவோ இழுபட்டது.

மௌஸிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. எதுவோ மௌஸையும் கையையும் சேர்த்துச் சுற்றியிருந்தது.

பின்னாலிருந்து இரண்டு சின்ன உள்ளங்கைகள் கண்ணைப் பொத்தின. வெதுவெதுப்பு. சாக்பீஸ் வாசனை.

"யாரு சொல்லு?"

விரல் மூக்கைத் தாண்டியது. உதட்டைத் தாண்டியது. நகமில்லாமல், கணுவில்லாமல், தாடைக்குக் கீழே இறங்கி, கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.

"சொல்லும்மா," என்று அம்மு சிரித்தாள்.