வெட்ட மறுத்த கை

டயகமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஸ்டோர் மூடிப் பல வருஷமாகிறது. தேயிலை அரைத்த இயந்திரங்களை எல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தகரச் சுவரும், மேலே கொழுந்து வாட்டுகிற நீள மாடியும்தான் மிச்சம். அந்த மாடியைக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர்களை அடுக்கி, ஒரு வாள்சண்டை கேம் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் அங்கே போனது ஒரு மாலை நேரம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்து மலையிலிருந்து நேராக வந்தேன். முதுகு பலகையாக இருந்தது. மழை விட்டிருந்தது. பனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து ஸ்டோரின் கால்களைத் தின்றுகொண்டிருந்தது. மேல்மாடி மட்டும் வெளிச்சத்தோடு அந்தரத்தில் நின்றது.

என்னைப் போகச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஜூலியன், அந்த வேலைக்குத் தலைவன். அவனுக்கு என் கை வேண்டியிருந்தது. மற்றவள் டோரீன், என் கூட்டாளி அந்தோனிமுத்துவின் பெண்சாதி. அவளுக்குத் தன் புருஷன் வேண்டியிருந்தது.

அந்தோனிமுத்து செத்துப்போனவன்.

போன வருஷம் ஜூலியன் அவனுக்கு வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு உடுப்பை மாட்டிவிட்டு, சுற்றிலும் கேமராவை வைத்து, கவ்வாத்து வெட்டுகிற மாதிரியே கை வீசச் சொன்னான். அந்த வீச்சைக் கம்ப்யூட்டருக்குள் எடுத்து, கேமில் வருகிற ஒரு வாள்வீரனுக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மலையில் குளவி கலைந்தது. கொழுந்தெடுத்த ஒரு பெண்பிள்ளை ஓட முடியாமல் விழுந்தாள். அந்தோனிமுத்து அவள்மேல் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் தான் குப்புறப் படுத்துக்கொண்டான். அவள் பிழைத்தாள்.

டோரீன் அன்று காலையில் பீலிக்கரையில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்களையும் கூப்புட்டாங்களாமே?"

"ஆமா தங்கச்சி. ஒரே ஒரு வெட்டு வெட்டிக் குடுக்கணுமாம்."

"போங்க. போயி அவர கூட்டிட்டு வாங்க."

அவளே தொடர்ந்தாள்.

"போன்ல விளம்பரம் பாத்தேண்ணே. மூஞ்சி அவரு இல்ல. ஆனா அது அவரு கை. கல்யாணம் கட்டுன நாள்லருந்து பாத்த கை எனக்குத் தெரியாதா? நம்ம லயத்து வீடுகள்ல இருக்குற ஆளுங்க மாதிரியே ஆளுங்கள வரிசையா நிக்க வச்சி வெட்ட வைக்கிறாங்க. செத்தும் அந்த மனுசன இப்புடி வேல வாங்கணுமா?"

அவள் அழவில்லை. கோபம்தான் இருந்தது. அதனால்தான் நான் போனேன்.

மாடிப்படி ஏறும்போதே ஒரு வாசனை வந்தது. வெட்டிய தேயிலைக் கொப்பின் பச்சை வாசனை. என் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே, வாங்க," என்றான் ஜூலியன். அட்டன் பக்கத்துப் பிள்ளை, கொழும்பில் படித்தவன். நல்ல பிள்ளைதான். நாள் கணக்காகத் தூங்காத கண். அவனுக்குப் பக்கத்தில் ஷிராணி என்கிற பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சுவரில் ஆணியடித்து, வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு உடுப்புகள் நாலு தொங்கின. தலை இல்லாமல், கை தொங்கிப்போய், நாலு ஆட்கள் மாதிரி.

பெரிய திரையில் கேமின் ஆட்களை ஜூலியன் காட்டினான். பாதி மனிதன், பாதி இயந்திரம். சைபோர்க் என்று சொல்வார்களாம். வேங்கை, வலது கை முழுக்க இரும்பு, நீள வாள், அந்தோனிமுத்துவின் வீச்சு. மின்னி, இரும்புக் காலோடு இரண்டு குறுவாள் சுற்றுகிற பெண். கோடாங்கி, தலையில் பாதி தகடான கிழவன். இவர்கள் எல்லாரையும் செய்து வைத்து ஏவுகிறவன் அதிபதி. அவன் கத்தியே தூக்குவதில்லை. உயரத்தில் நின்று கையை மட்டும் நீட்டுவான்.

"எங்க தோட்டத்துத் தொரமாருங்க மாதிரி," என்றேன்.

ஷிராணி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பிரச்சினை கடைசிக் கட்டத்துலண்ணே," என்றான் ஜூலியன். "மலைச்சனம் வேல செய்ய மாட்டோம்னு நிக்குது. அதிபதி எல்லாரையும் வெட்டச் சொல்றான். வேங்கை வெட்டணும். வெட்டுறான். ஆனா ஒரு ஆள விட்டுர்றான்."

"திருத்த ஏலாதா?"

"திருத்துனோம்," என்று ஷிராணி மெதுவாகச் சொன்னாள். "திரும்பவும் விடுறாரு."

விடுறாரு என்றாள். விடுது என்று சொல்லவில்லை.

எனக்கு ஒரு மாதிரி நிம்மதி வந்தது. கவ்வாத்து வெட்டும்போது செடியை மொட்டையாக்க மாட்டோம். மூச்சு விட ஒரு கொப்பை விட்டு வைப்போம். கைக்கு அது பழகிப்போய்விடும். அந்தோனிமுத்துவின் கைப்பழக்கம்தான் அதற்குள்ளும் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை, டோரீனிடம் அதைச் சொல்லி ஆறுதல் படுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு தப்பு.

நாலில் ஒரு உடுப்பை எடுத்து எனக்கு மாட்டினார்கள். உடம்பைக் கவ்விப் பிடித்தது.

"என்னா தம்பி இது, என்னைய வெரால் மீனு மாதிரி ஆக்கிட்டீங்களே."

"அழகாத்தான் இருக்கீங்கண்ணே," என்று ஜூலியன் பிளாஸ்டிக் வாளைக் கையில் கொடுத்தான். "நீங்க கை தூக்குனா வேங்கையும் தூக்குவான். அவரு கை வெட்டாத அந்த எடத்துக்கு மட்டும் ஒங்க கை. ஒரே வெட்டு. நாளைக்கு இத அனுப்பலன்னா வெளிநாட்டுக் கம்பெனி எங்கள விட்டுரும்."

கை தூக்கினேன். திரையில் வேங்கையும் தூக்கினான். நான் காலை மாற்றினால் அவனும் மாற்றினான். அவனுக்கு முன்னால் மலைச்சனம் வரிசையாக நின்றது. தலையில் துண்டு கட்டிய பெண்கள், கூடைகளை முதுகில் போட்ட ஆட்கள். கீழே எழுத்து ஓடியது. வயது போன பிறகு எழுத்துப் படித்தவன் நான், கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன்.

எவரையும் விடாதே.

"ஒரு ஆள்தான் மிச்சம்னு சொன்னீங்க," என்றேன். "வரிசையே நிக்குதே?"

ஜூலியன் ஷிராணியைப் பார்த்தான்.

"நேத்து ஒண்ணு," என்றாள் அவள். "இன்னைக்கிக் காலையில பாதிப் பேரு. இப்ப ஒருத்தரையும் வெட்ட மாட்டேங்கிறாரு."

இது கொப்பு விடுகிற பழக்கம் இல்லை.

பச்சை வாசனை இப்போது மாடி முழுக்க நின்றது. நான் உடுப்பு மாற்றிய பிறகும். தகரக் கூரைக்கு மேலே எங்கேயோ மெல்லிசாக ஒரு சத்தம். மழை என்று நினைத்தேன். மழை ஒரே இடத்தில் சுற்றாது.

குளவி.

"வெட்டுங்கண்ணே," என்றான் ஜூலியன். அவன் குரல் தடித்திருந்தது.

நான் வாளை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. முழங்கைக்குக் கீழே யாரோ பிடித்திருந்தார்கள். இறுக்கிப் பிடிக்கவில்லை. கூட வேலை செய்கிறவன், கத்தி தவறிவிடும் என்று தடுப்பானே, அந்த மாதிரிப் பிடி.

திரையில் வேங்கை கையை இறக்கினான்.

என் கை இன்னும் மேலேதான் இருந்தது.

வேங்கை மெதுவாகத் திரும்பினான். மலைச்சனத்தைப் பார்த்து இல்லை. திரைக்கு வெளியே. என்னை.

"மச்சான், போதும்."

அது திரையிலிருந்து வரவில்லை. என் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. வெற்றிலை வாசனையோடு.

ஷிராணி போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

பயந்துதான் போனேன். ஆனால் வந்த வேலை நினைவிருந்தது. நாக்கைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

"வா மச்சான், வீட்டுக்குப் போவோம். டோரீன் கூப்புடுது. இங்க ஒனக்கு என்னா வேல?"

குளவிச் சத்தம் நின்றது. அவ்வளவு பெரிய மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நான் வரல. இந்தச் சனத்த விட்டுட்டு எப்புடி வர்றது?"

கைப்பிடி விட்டது. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய உடுப்புகளின் கைகள் தொங்கவில்லை. மூன்றும் மார்புக்குக் குறுக்கே கை கட்டி நின்றன.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகமாட்டோம் என்று நாங்கள் ஸ்டோர் வாசலில் நிற்போமே, அதே நிற்பு.

"அண்ணே," என்றான் ஜூலியன். அவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை, பார்த்தால் நம்ப வேண்டி வரும். "இது வெறும் கேம்தானே. யாரும் சாகப்போறதில்ல. ஒரு வெட்டு."

"யாரும் சாகலேன்னா எதுக்குத் தம்பி வெட்டணும்?"

"கதை அப்படி!"

"கதைய நீங்கதான எழுதுனீங்க. மாத்துங்க."

"மாத்த ஏலாது! நான் மட்டும் இல்ல, எனக்கு மேலயும் ஆள் இருக்கு. சொன்னத செய்யணும்."

"அதத்தான் எங்க தாத்தாகிட்டயும் சொன்னாங்க," என்றேன். "எங்க அப்பன்கிட்டயும். எனக்கு ஒடம்பு அசந்துபோச்சி தம்பி. கை அசரல. இது ஒரு ஆளையும் வெட்டாது. செத்தவன் கையும் வெட்டாது. போயி மேல சொல்லுங்க."

வாளைத் தரையில் போட்டேன். பிளாஸ்டிக்தான். இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. ஒன்று இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நாலு.

விளக்கு எல்லாம் அணைந்தது.

இருட்டில் ஜூலியன் அழுதான். ஷிராணிதான் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் படியிறங்கும்போது எங்களுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. மேலே மட்டும் பலகைத் தரையில் நிறையப் பேர் காலை மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

டோரீனிடம் நடந்ததைச் சொன்னேன். வரமாட்டேன் என்று சொன்னான் என்றேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "உசுரோட இருக்கயிலயும் சொன்னா கேக்குற மனுசனா?" என்றாள்.

ஜூலியன் அந்த வாரமே மூட்டை கட்டினான். அந்தோனிமுத்துவின் வீச்சு முழுவதையும் அழித்துவிட்டு, கொழும்பில் சிலம்பம் ஆடுகிற ஒருவனை வைத்து மறுபடி எடுத்ததாகக் கேள்வி. கேம் வெளியே வந்தது. டோரீனின் மகள் வினோதாவுக்குக் கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது போனில் அதைக் கொண்டுவந்தாள். பட்டப்பகல். டோரீனின் லயத்து அறையில் நாங்கள் மூன்று பேர்.

"இது அப்பா கை இல்லம்மா," என்றாள் வினோதா. "பாருங்க, வேற ஆள்."

உண்மைதான். அந்த வீச்சில் அந்தோனிமுத்து இல்லை. டோரீன் பெருமூச்சு விட்டாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாது.

கடைசிக் கட்டம் வந்தது. அதிபதி உயரத்தில் நின்று கையை நீட்டினான். வினோதா வெட்டுகிற பொத்தானை அழுத்தினாள்.

வேங்கை வாளைக் கீழே வைத்தான்.

திரும்ப அழுத்தினாள். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மின்னி இரும்புக் காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கோடாங்கி உட்கார்ந்தான். பிறகு மலைச்சனம் ஒவ்வொருவராக. அதிபதி கத்துகிறான், கத்துகிறான், ஒருவரும் எழும்பவில்லை.

"கேம் பழுதாப் போச்சி போல," என்று வினோதா விரல் வலிக்க அழுத்தினாள்.

"பழுதில்ல," என்றாள் டோரீன். அவள் கண் பளபளத்தது. "விடு புள்ள. ஒக்காந்துட்டாங்கள்ல."

வேங்கை தலையைத் தூக்கிப் போனுக்கு வெளியே பார்த்தான். தனக்கு இடது பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தான். அந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான், வந்து உட்காரச் சொல்கிற மாதிரி.

வினோதா பயந்துபோய் போனை அணைத்துக் குப்புறப் போட்டாள்.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. அது போனிலிருந்து வரவில்லை. டோரீன் வீட்டுச் சிமெந்துத் தரையில், என் காலுக்குப் பக்கத்தில், பொறுமையாகத் தட்டியது.

டோரீன் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் உட்கார்ந்தேன்.