பனியில் ஊற்றிய ஜோசப்

ஒரு கொள்ளுத்தாத்தாவின் விலை இருபது டாலர்!

கனடாவின் கெபெக் மாகாணத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் அதுதான் ரேட். கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைத் தோண்டி முன்னோரை எடுத்துக் கொடுக்கும் தெலெஸ்ஃபோர், முறைத்துப் பார்த்தால் பதினைந்துக்கும் இறங்குவார்.

அன்று காலை அவரிடமிருந்து இலவசமாகக் கிடைத்தது... ஓர் அலறல்!

"ஐயோ! அதெலாரை யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க!"

மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையின் வாசல். பனியில் குப்புறக் கிடந்தார் அதெலார் மெர்சியே. கல்யாணமாகாதவர். மலையடி மேப்பிள் காடு முழுக்க அவருடையது. பின்மண்டையில் ரத்தம். மூச்சு மட்டும் நூலாக ஓடியது.

அவர் கைக்குப் பக்கத்தில், பனிமேல் சூடான பாகை ஊற்றி எழுதிய ஒரு பெயர்...

ஜோசப்!

ஊர் கூடியது; ஆம்புலன்ஸ்காரர்கள் அதெலாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்ற, போலீஸ் சார்ஜென்ட் ஊகெட் அந்தப் பெயரை போட்டோ எடுத்தாள்.

"அடிச்சவன் பேர எழுதி வச்சிருக்காரு!" பாய்ந்து வந்தான் ரிச்சர்ட் மெர்சர். பாஸ்டனிலிருந்து வேர் தேடி வந்தவன்; மெர்சியே அங்கே மெர்சர் ஆகிவிட்டதாம். ஒன்றுவிட்ட தம்பி முறை கொண்டாடி, ஒரு வாரமாக அதெலார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யாருங்க அந்த ஜோசப்?" என்றாள் ஊகெட்.

"இதோ நிக்கிறானே, ஃபாபியன்! அவனோட நிஜப் பேரு ஜோசப்! பதிவுலயே பாத்தேன்!"

ஃபாபியன் வெளுத்துப்போனான். அதெலாரின் அண்ணன் மகன். ஒரே வாரிசு.

"ஊகெட் அக்கா! சித்தப்பாகூட நேத்து சண்ட போட்டது நிஜம்தான்... ஆனா சத்தியமா நான் இல்லக்கா!"

"கைய நீட்டு."

விலங்கு விழுந்தது. க்ளிக்!

"இவன் உள்ள போனா காடு யாருக்கு மிஸ்டர் மெர்சர்?"

"அது... அடுத்த ரத்தம் நான்தானே? வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"தெலெஸ்ஃபோர்! இவரு உங்ககிட்ட எத்தன பக்கம் வாங்கினாரு?"

"ஃபாபியனோட பக்கம் மட்டும்தாம்மா. மொத்தக் குடும்பத்தையும் எடுத்துக்குங்க, சல்லிசா தரேன்னேன். கஞ்சப் பிசுநாறி... வேணாம்னுட்டாரு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி கொட்டகையே அதிர்ந்தது!

"நானும் ஜோசப்தான்யா!" ஆம்புலன்ஸ் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அட, நானும்!"

"எங்க அண்ணன் தம்பி எல்லாருமே!"

ரிச்சர்ட் விழித்தான்.

"இங்க ஆம்பளப் புள்ள பொறந்தா, பாதிரியார் முதல்ல ஜோசப்னுதான் எழுதுவாரு" என்றாள் ஊகெட். "பொண்ணுன்னா மேரி. கூப்பிடுற பேரு கடைசில வரும். ஃபாபியன காட்டிக்கொடுக்கணும்னா அதெலார் ஃபாபியன்னு எழுதுவாரு. ஜோசப்னு எழுதினா நான் பாதி ஊரை உள்ள தள்ளணும்! அடி வாங்கின அதெலாரே ஜோசப்தான்!"

"அ... அதனால?"

"எழுதினது எங்க ஊர்க்காரன் இல்ல. கோட்டுப் பாக்கெட்ல விட்டிருக்கிற கைய வெளிய எடுத்துக் காட்டுங்க."

காட்டவில்லை. காட்டமுடியவில்லை... பாகு இறுகி, கை பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது!

விலங்கு ஃபாபியனிடமிருந்து ரிச்சர்டுக்கு இடம் மாறியது.

"எந்த நாய்டா இந்த வருஷம் முதல்ல காய்ச்சின பாகைக் கொட்டினது?"

ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்திருந்தார் அதெலார்!

"சித்தப்பா!" ஃபாபியன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதான்.

"தலைய அழுத்தாதடா, கழுத!"

ஊகெட் ரிச்சர்டின் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஜோசப் ரிச்சர்ட் மெர்சர்!"

"எங்க பாட்டி பிடிவாதம்... எங்க வீட்டுல மட்டும்தான் இந்தக் கிறுக்குன்னு நினைச்சேன்..."

"பொய்யா எழுதினதா நினைச்சு, வாக்குமூலமே எழுதியிருக்கீங்க சார்!"

அன்றைய கணக்கு இது. கொட்டகையில் ஜோசப்கள் ஒன்பது. மண்டை உடைந்தது ஒன்று. மாட்டியது ஒன்று. கொட்டகை வழக்கப்படி பட்டாணி சூப்புக்கு உட்கார்ந்தது ஏழு.

பனியில் மிட்டாயாக இறுகிக் கிடந்த பத்தாவது ஜோசப்பை, வீணாகக்கூடாது என்று, அதெலார் குச்சியில் சுற்றித் தின்றுவிட்டார்!