தன்மை ஒருமை

ஆய்வகத்திலிருந்து தூக்கி வந்த உயரமான நாற்காலிதான் அரியணை. அதில் ஏறி அமர்ந்த அன்வர்தீன் நெஞ்சை நிமிர்த்தி, "நான் இந்நாட்டின் அரசன்" என்று தமிழில் உதடசைத்தான். அவன் கழுத்திலிருந்த நாவணி அதை அவன் குரலிலேயே, பிசிறில்லாத ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னது: "தான் இந்நாட்டின் அரசன் என்று இவன் சொல்கிறான்."

பிளஸ் டூ வகுப்பு மொத்தமும் சிரித்தது. அன்வர்தீன் இன்னொரு முறை, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு முயன்றான். "தன் ஆணையை மீறுபவர்களைச் சிறையில் அடைக்கப்போவதாகவும் இவன் சொல்கிறான்" என்றது நாவணி.

"டீச்சர், இது என்னய அரசனாவே ஒத்துக்க மாட்டேங்குது" என்று இறங்கிவிட்டான்.

ஹெப்சிபா டீச்சரும் சிரித்தார். தூத்துக்குடியின் அந்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் கடைசித் தலைமுறை அவர். கற்பிக்க இப்போது அதிகம் மிச்சமில்லை. நாவணி வந்த சில ஆண்டுகளில் பாடத்திட்டத்திலிருந்து இலக்கணம் போய்விட்டது. கழுத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை அது. ஓசை எழுவதற்கு முன்பே தொண்டை நரம்புகளில் சொல்லைப் பிடித்து, பிழை நீக்கி, ஆங்கிலமாக்கி ஒலிக்கும். மீன் ஏலத்திலிருந்து நீதிமன்றம் வரை எல்லோருடைய கழுத்திலும் அது இருந்தது. ஆங்கில வகுப்பில் எஞ்சியது நாடகம் ஒன்றுதான். அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் நாடகத்தைக் கதைபோல வாசித்துக் காட்டி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஹெப்சிபாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நாடகம் என்றால் நடிக்க வேண்டும்.

நடிக்கத்தான் நாவணி விடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர், குற்றவாளி சொன்ன "நான்தான் கொன்றேன்" என்பதை அப்படியே திருப்பிச் சொன்னால், கொன்றது மொழிபெயர்ப்பாளர் என்றாகிவிடும் அல்லவா? ஆகவே சொந்த எண்ணத்தைப் பேசும்போது நரம்பு துடிப்பதற்கும், பிறர் சொல்லைச் சுமந்து பேசும்போது துடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாவணிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சொந்தச் சொல் என்றால் நேர்க்கூற்று. இரவல் சொல் என்றால் அயற்கூற்று. வணக்கம், நன்றி போன்ற சின்ன உபசாரங்களுக்கு மட்டும் விலக்கு.

அதைப் பொய் காட்டும் கருவி என்று செய்தவர்கள் சொல்லவில்லை. வாங்கியவர்கள் அப்படித்தான் பயன்படுத்தினார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், பெண் பார்க்க வருபவர்கள், வாடகைக்கு வீடு விடுபவர்கள் எல்லோரும் எதிரில் இருப்பவரின் நாவணி "ஐ" என்கிறதா, "ஹீ சேஸ்" என்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"எல்லாரும் நாவணியக் கழட்டி மேசைமேல வைங்க" என்றார் ஹெப்சிபா.

வகுப்பு திகைத்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழற்றியபோது ஒவ்வொரு கழுத்திலும் வெயில் படாத ஒரு வளையம் வெளிறித் தெரிந்தது. பலர் அதைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"டீச்சர், இது இல்லாம எங்களுக்கு இங்கிலீஷ் வராதே" என்றாள் முன்வரிசையில் இருந்த இசக்கிராணி. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் சுடலைமுத்துவின் இளைய மகள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் இருந்துகொண்டே இருக்கும்.

"வராதுன்னா வரவழைப்போம். 'நான் போகிறேன்', சொல்லு."

"ஐ... ஐ கோஸ்."

"ஐக்கு எஸ் கிடையாது. அவனுக்கும் அவளுக்கும்தான் எஸ். ஐ கோ, ஷீ கோஸ்."

"ஏன் டீச்சர் அப்படி?"

"ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஒரு எழுத்த வச்சே, பேசுறவ தன்னப் பத்திப் பேசுறாளா, இன்னொருத்தியப் பத்திப் பேசுறாளான்னு சொல்லிரலாம் பாத்தியா? அதுக்குத்தான் இலக்கணம்."

அப்படித்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பள்ளியில் இலக்கணம் தொடங்கியது. தன்மை, முன்னிலை, படர்க்கை. இறந்தகாலம், நிகழ்காலம். பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் பேசி, தாங்களே சிரித்து, தாங்களே திருத்திக்கொண்டார்கள். சொந்த வாயில் ஆங்கிலம் வருவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நாடகத்தின் வரிகளை அப்படியே மனப்பாடம் செய்யாமல், ஏன் இங்கே இந்தக் காலம், ஏன் இந்தச் சொல் என்று பிரித்துப் பிரித்துப் படித்தார்கள்.

நாடகத்தை ஹெப்சிபாவே எழுதியிருந்தார். போரில் தோற்ற அரசன் தன் தங்கையிடம் அடைக்கலம் கேட்டு வருகிறான். அவனை உள்ளே விட்டால் ஊரே அழியும். தங்கை அவனை விரட்ட வேண்டும். தங்கை வேடம் இசக்கிராணிக்கு. "போய்விடு. நீ எனக்கு வேண்டாம்" என்பது அவளுடைய முக்கியமான வரி.

தேர்வில் நாவணி கட்டாயம். அதை மறுபடி மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தபோது பழைய கதைதான். "அவன் தனக்கு வேண்டாம் என்று இவள் சொல்கிறாள்." எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். கத்தினாள், அழுதுபார்த்தாள். நாவணி அசையவில்லை.

"கோவமா இருக்க மாதிரி நடிக்காத" என்றார் ஹெப்சிபா. "இந்த வரியச் சொல்லி அந்தத் தங்கச்சி எதச் சாதிக்கப் பாக்கா? அத மட்டும் யோசி."

இசக்கிராணி யோசித்தாள். "அவன் போயிரணும். திரும்பிப் பாக்காமப் போனாத்தான் உசுரோட இருப்பான்."

"அது உனக்கு வேணுமா?"

அவள் வாசலாக வரைந்திருந்த சாக்பீஸ் கோட்டருகே போய் நின்று அன்வர்தீனைப் பார்த்தாள். பெரிதாக எதுவும் செய்யவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"போய்விடு. நீ எனக்கு வேண்டாம்" என்றது நாவணி. இவள் சொல்கிறாள் என்ற வால் இல்லை.

அன்வர்தீனின் முகம் சுருங்கிவிட்டது. அவன் அடுத்த வரியை மறந்து, "ஏட்டி, நெசமாவா சொல்லுத?" என்று கேட்டுவிட்டான்.

அதற்குள் மற்ற பிள்ளைகளும் அதைப் பழகிவிட்டார்கள். செய்முறைத் தேர்வன்று வந்த அதிகாரி, எல்லா வரியும் நேர்க்கூற்றாகவே ஒலித்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் நாவணிகளைத் தன் சோதிப்பானில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தன. முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். போகும்போது, "இவங்க என்ன பண்ணுறாங்கன்னு எனக்குப் புரியலம்மா" என்றார்.

அடுத்த வாரம், பள்ளி விட்டதும் இசக்கிராணி மட்டும் வகுப்பில் தங்கினாள்.

"டீச்சர், இன்னொரு வரி இருக்கு. அதையும் சொல்லிக்குடுக்கணும்."

"எந்த நாடகத்துல?"

"நாடகம் இல்ல." அவள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "போன வருசம் எங்க அக்கா முத்துக்கனி கப்பல் கம்பெனி நேர்காணலுக்குப் போனா. சரக்கு மேற்பார்வைப் பயிற்சி. சிங்கப்பூர்ல ஏழு வருசம் இருக்கணும். உனக்குப் போக விருப்பமான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னுதான் சொன்னா. 'தனக்கு விருப்பம் என்று இவள் சொல்கிறாள்'னு வந்துட்டு. அதோட சரி, வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப என் முறை."

"உனக்கு விருப்பமா?"

"எங்க அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துட்டு டீச்சர். பட்டறை ஓடாது. வீட்டுல யாராவது ஒராள் போய்த்தான் ஆகணும்."

"நான் கேட்டது அது இல்ல."

இசக்கிராணி சிரித்தாள். "எஞ்சினப் பிரிச்சு மாட்டுனா, ஸ்டார்ட் ஆகும்போது ஒரு சத்தம் வரும்லா. அதக் கேட்டுட்டே இங்கனயே இருந்துரலாம்னுதான் எனக்கு. ஆனா அத வச்சு என்ன செய்ய?"

"இது நடிப்பு இல்லட்டி. பொய்."

"தங்கச்சி அண்ணன வேண்டாம்னு சொன்னதும் பொய்தானே? அவளுக்கு என்ன வேணும்னு கேளுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஹெப்சிபா மறுக்கக் காரணம் தேடினார். அந்தப் பெண்ணுக்கு மறுப்பைவிட வேலைதான் தேவை என்று பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"சரி. சிங்கப்பூர் போக ஆசப்படுற ஒரு பொண்ணு. பேரு இசக்கிராணி. அவ யாரு, சொல்லு பாப்போம்."

அன்றிலிருந்து தினமும் மாலையில் அந்தப் பெண்ணை இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். அவளுக்குப் பெரிய துறைமுகங்களைப் பார்க்க வேண்டும். மழையில் நனையும் பாரந்தூக்கிகளின் அடியில் நின்று கட்டளையிட வேண்டும். அவளுக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். இந்த ஊரின் மீன் வாடை அவளுக்கு அலுத்துவிட்டது. எஞ்சின் சத்தம் தலைவலி. "போக விரும்புகிறேன்" என்ற வரி முதலில் அயற்கூற்றாகவே வந்தது. பிறகு ஒரு நாள் நாவணி தயங்கியது. "ஷீ" என்று தொடங்கி நின்றது. நேர்காணல் நெருங்கிய வாரத்தில் தெளிவாக, "ஐ வான்ட் டு கோ" என்றது.

ஹெப்சிபா தன்னை மறந்து கைதட்டினார். இசக்கிராணி கண்கள் மின்ன, "இன்னொரு தரம் சொல்லட்டா டீச்சர்?" என்றாள்.

நேர்காணலில் அவளைக் கேள்வி கேட்ட அம்மையாருக்கு இரண்டாவது கேள்வி தேவைப்படவில்லையாம். வேலை கிடைத்தது.

செய்தி ஊருக்குள் பரவ நாளாகவில்லை. அந்த ஆண்டு நாடக வகுப்பில் உட்கார இடமில்லை. மற்ற பள்ளிகளிலிருந்து பெற்றோர் வந்தார்கள். மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த பெண்ணொருத்தி வந்தாள். அரசியல்வாதி ஒருவரின் உதவியாளர் வந்து, தலைவருக்குத் தனியாகச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். ஹெப்சிபா அவரைத் திருப்பி அனுப்பினார். ஆனால் நாலாம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் 'நேர்க்கூற்று நடிப்புப் பயிற்சி மையம்' என்று பலகை மாட்டியாயிற்று. சொல்லிக்கொடுப்பவன் அன்வர்தீன். தலைமையாசிரியர் மட்டும் மிகவும் மகிழ்ந்தார். "இலக்கணத்துக்கு மறுபடியும் மவுசு வந்துருச்சு பாத்தீங்களா!" என்றார்.

பயணத்துக்கு முந்தைய நாள் இசக்கிராணி பள்ளிக்கு வந்தாள். புதுச் சுடிதார், புதுச் செருப்பு. நகக்கண்ணில் கறுப்பு இல்லை. மதிய வெயிலில் வகுப்பு காலியாக இருந்தது. கொண்டுவந்த முந்திரி மக்ரூன் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"எல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்று கேட்டார் ஹெப்சிபா.

"ஆச்சு டீச்சர்."

"அப்பா?"

"பட்டறைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ. நான் அங்க போனதும் அப்பாவும் நானும் பேசக் கம்பெனிக்காரங்க வசதி பண்ணித் தருவாங்களாம். அக்காதான் அழுதுக்கிட்டே இருக்கா. தான் தோத்ததாலதான் என்னய அனுப்புதாங்கன்னு."

ஹெப்சிபா அவளை அருகே அமரச் சொன்னார். கேட்கலாமா என்று தயங்கிப் பின் கேட்டார். "இசக்கி, உண்மையச் சொல்லு. உனக்குப் போகணும்னு இருக்கா?"

"அதத்தான் டீச்சர் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்." அவள் குரலில் பதற்றமில்லை. ஒரு கணக்கில் இடறிய மாணவியின் குழப்பம்தான் இருந்தது. "வீட்டுல எல்லாரும் இதையே கேக்காங்க. எனக்கும் தெரியணும்லா. நேத்து மாடிக்குப் போயி, தனியா நின்னு நாவணியில சொல்லிப் பாத்தேன். 'போக விரும்புகிறேன்'னேன். ஐன்னுதான் வந்துச்சு."

"சரி."

"சரின்னு எறங்கப் போனேன். திடீர்னு ஒரு எண்ணம். 'போக விரும்பவில்லை'ன்னும் சொல்லிப் பாத்தேன்." அவள் டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அதுக்கும் ஐன்னுதான் வருது டீச்சர்."

வெளியே யாரோ மிதிவண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. ஹெப்சிபா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பு மணத்த, சுத்தமான கை.

"அதக் கழட்டு" என்றார். "இங்கிலீஷ் வேண்டாம், எதுவும் வேண்டாம். உன் வாயால, தமிழ்ல சொல்லு. என்கிட்ட மட்டும். போகணுமா, வேண்டாமா?"

இசக்கிராணி நாவணியைக் கழற்றி மடியில் வைத்தாள். வெளிறிய வளையத்தை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, ஒத்திகையின் தொடக்கத்தில் எப்போதும் செய்வதுபோல மூச்சை ஆழ இழுத்துவிட்டாள்.

"எப்படிச் சொல்லட்டும் டீச்சர்?" என்று கேட்டாள்.