ஒழுகாத வால்வு

கோவையில் இப்போது பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள். முதலில் மணிக்கட்டு. அங்கே கட்டியிருக்கும் இதயக் கசிவுகாட்டியில் சுழியம் தெரிந்தால் காபி குடிப்பார்கள்; தெரியாவிட்டால், "அப்புறம் சொல்லி அனுப்பறோமுங்" என்று எழுந்துவிடுவார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் கருணாம்பிகைதான். பீளமேட்டில் பம்புசெட் செய்கிற வீட்டில் பிறந்தவள். ஒழுகுகிற வால்வு குடும்பத்துக்கே அவமானம் என்று கேட்டு வளர்ந்தவள். இருபது வருஷத்துக்கு முன்னால் இதயத்துக்கும் ஒழுகாத வால்வு ஒன்றைச் செய்தாள். பெயர் கசியா மடல். இதயத்தின் கீழறை சுருங்கி இரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது, மேலறைப் பக்கத்துக் கதவு சாத்திக்கொள்ள வேண்டும். சரியாகச் சாத்தாவிட்டால் இரத்தம் வந்த வழியே திரும்பும். அவள் செய்த மடலில் ஒரு துளிகூடத் திரும்பாது. படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அத்தோடு நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? கல்லுப் போல இதயம் உள்ளவர்களும் சுழியம் வேண்டுமென்று வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் இப்போது அவள் மகள் அல்லி. இருபத்து மூன்று வயது. மருதமலைப் படிகளை ஒரே மூச்சில் ஏறுகிறவள். கசிவு ஒன்று புள்ளி நான்கு சதவீதம். வானூர்தி ஓட்டும் வேலைக்குச் சுழியம் கட்டாயம் என்பது இதய வாரியத்தின் விதி; அதனால் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.

"வேண்டாம் கண்ணு" என்றாள் கருணாம்பிகை.

"நீங்க செஞ்சதுதானேம்மா? ஊருக்கெல்லாம் ஆகும், எனக்கு மட்டும் ஆகாதா?"

மடல் மடங்கும் கீலில் இரத்தம் உறைவதைக் கருணாம்பிகை தன் பட்டறையில் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உறைந்தது பிய்ந்துபோய் மூளையில் அடைத்தால் ஆளே போய்விடும். பெற்ற பிள்ளையின் நெஞ்சில் அதை வைக்க விடுவாளா?

"இதய வாரியத்துல போய்ப் பேசறேன். அவங்க நிறுத்தச் சொன்னா நீ நிறுத்தோணும்."

"வாரியம் என்ன சொல்லுதோ அதைக் கேட்டுக்கறேன்" என்று அல்லி வாக்குக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை கருணாம்பிகை இரண்டு கண்ணாடி இதயங்களை வாரியத் தலைவர் சென்னியப்பனின் மேசைமேல் வைத்தாள். இரண்டு மாதமாகச் செயற்கை இரத்தத்தில் ஓடியவை. முதலாவதில் கசியா மடல். கீலில் கடுகளவு கறுப்பு. இரண்டாவதில் மனித மடலைப் பார்த்துச் செய்த புது மடல். கழுவிவிட்ட மாதிரி சுத்தம்.

"இது ஒழுகுதே அம்மிணி" என்றார் சென்னியப்பன், முகத்தைச் சுளித்து.

"ஒழுகோணுமுங்கண்ணா. கதவு சாத்தறப்போ பின்னால தெறிக்கிற துளிதான் கீலைக் கழுவுது. அதை நான்தான் அடைச்சுப்போட்டேன். தப்பு என்னுதுங்."

வாரியத்தார் மழுப்பினார்கள், டீ வரவழைத்தார்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் சென்னியப்பன் பேனாவை எடுத்தார்.

"சரி, எவ்வளவு ஒழுகோணும்? அளவு சொல்லாம எந்த வால்வாச்சும் நம்ம ஊரைத் தாண்டியிருக்குதா?"

அங்கேதான் வாயைக் கட்டியிருக்க வேண்டும். பிறந்தபடி இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டறைக்காரி, அளவு கேட்டால் சொல்லாமல் இருக்க வராது. நுணலும் தன் வாயால் கெடும்.

"ரெண்டு சதம்" என்றாள், தன் புது மடல் ஒழுகும் அளவைப் பார்த்தபடி.

மத்தியானத்துக்குள் ஆணை வந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்தபோது அல்லி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா" என்றாள். நிஜமாகவே பெருமைப்பட்டாள். "இனிமேல் ரெண்டு சதத்துக்குக் குறைஞ்சா மடலை மாத்தியே ஆகோணுமாம். எனக்கு ஒண்ணு புள்ளி நாலுதானே? நாளைக்கே உங்க புது மடலை வைக்கறாங்களாம். அதே கட்டில், அதே நேரம்."

கருணாம்பிகை உட்காரவில்லை.

"அளவே வேண்டாம்னு எழுதி வாங்காம வரமாட்டேன்" என்று வந்த செருப்போடு திரும்பி நடந்தாள்.

வாரிய வாசலில் இரண்டு சதம் கேட்டு வந்தவர்களின் வரிசை அதற்குள் அவினாசி ரோட்டைத் தொட்டிருந்தது. காவலாளி அவளையும் பின்னால் போய் நிற்கச் சொன்னான்.